வேகாத கல் என்று நான் சொன்னது

சங்ககிரிக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவில் உள்ள எங்கள் ஊரில் பூகர்ப்ப சாஸ்திரம் படித்த முதல் ஆள் நான். பட்டணத்தில் படித்துப் பட்டம் வாங்கிக்கொண்டு ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பதுகளின் நடுவில் ஊர் திரும்பினேன். உத்தியோகம் கிடைக்கவில்லை. மகன் என்ன படித்திருக்கிறான் என்று யாராவது கேட்டால் என் அப்பா, "பூமிக்குள்ள என்ன இருக்குதுன்னு மேல நின்னுக்கிட்டே சொல்லிப்போடுவானுங்க" என்பார். அதை நம்பிக் கிணறு வெட்ட இடம் காட்டச் சொல்லி நாலைந்து பேர் வந்தார்கள். எனக்கு அது தெரியாது என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தோல் பையை மாட்டிக்கொண்டு போய், இரண்டு பாறையைச் சுத்தியலால் தட்டிப் பார்த்துவிட்டு, ஏதாவது ஒரு பக்கம் கை காட்டுவேன். இரண்டு கிணற்றில் தண்ணீர் வந்துவிட்டது. அதிலிருந்து எனக்குத் தலை கனத்துப்போயிற்று.

எங்கள் பக்கத்து ஏழெட்டுக் கிராமங்களுக்கு ஜமீன்தார் மாதிரி ஒரு மிட்டாதார் இருந்தார். தம் தகப்பனார் நினைவாக ஊரில் பள்ளிக்கூடம் கட்ட ஆரம்பித்திருந்தார். கட்டடத்துக்குச் சுண்ணாம்பு சுட்டுக் கொடுக்க, ஊருக்கு வடக்கே ஓடைக்கரையில் காளவாய் வைத்திருந்த ஒரு புருஷனும் பெண்டாட்டியும் ஒப்புக்கொண்டிருந்தார்கள். மேட்டூரில் அணை வேலை நடந்த காலத்தில் அங்கே போய் வேலை செய்துவிட்டு வந்தவர்கள். புருஷன் அதிகம் பேச மாட்டார். புகை அடித்து அடித்து இருமல் வேறு. காளவாயில் கல்லையும் கரியையும் மாற்றி மாற்றி அடுக்குவதும், தீயின் நிறத்தைப் பார்த்துக் காற்று வழியை அடைப்பதும் திறப்பதும் அவர் வேலை. கல் பொறுக்குவது, சுட்ட கல்லுக்குத் தண்ணீர் காட்டுவது, கட்டட வேலைக்காரர்களோடு பேசுவது எல்லாம் அந்த அம்மாள். அவருக்கு முப்பது வயதிருக்கும், என்னைவிட ஆறேழு வயது மூத்தவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அன்றைக்கு ‘வா, போ’ என்றுதான் பேசினேன்.

அவர்கள் கல் கொண்டுவந்தது நாலு மைலுக்கு அப்பால் ஒரு கரட்டின் அடிவாரத்திலிருந்து. வண்டி போய்வர அரை நாள் ஆகும். "பக்கத்துல கல்லே இல்லியா தம்பி? நீ படிச்சவன், பாத்துச் சொல்லு" என்றார் மிட்டாதார். இரண்டு நாள் சுற்றினேன். அவருடைய சொந்த மானாவாரி நிலமான மேட்டுக்காட்டிலேயே, வேலியோரமாக, முழங்கால் உயரத்துக்கு நீட்டிக்கொண்டு ஒரு வெள்ளைப் பாறை வரிசை ஓடியது. உடைத்துப் பார்த்தால் உள்ளே சர்க்கரை மாதிரி மணி மணியாக மினுக்கியது. கரட்டுக் கல்லைவிட வெளுப்பு. கண்டுபிடித்துவிட்டேன் என்ற சந்தோஷத்தில் நேரே மிட்டாதாரிடம் போய், "உங்க காட்டுலயே அருமையான சுண்ணாம்புக்கல் இருக்குதுங்க" என்று சொல்லிவிட்டேன். சோதித்துப் பார்க்காமலே சொன்னேன்.

மறுநாள் காலை மிட்டாதார், கொத்தனார், அந்தத் தம்பதி, வேடிக்கை பார்க்க இன்னும் பத்துப் பேர் என்று காட்டில் கூடிவிட்டார்கள். என்னிடம் ஒரு சின்னப் புட்டியில் திராவகம் இருந்தது. சுண்ணாம்புக்கல்லின் மேல் ஒரு சொட்டு விட்டால் புசுபுசுவென்று நுரைத்துப் பொங்கும்; அதைக் காட்டி எல்லோரையும் அசத்தலாம் என்று எடுத்துப் போயிருந்தேன். கண்ணாடிக் குச்சியால் தொட்டு ஒரு சொட்டு விட்டேன். ஒன்றும் நடக்கவில்லை. சொட்டு அப்படியே தண்ணீர் போல உட்கார்ந்திருந்தது. இன்னொரு இடத்தில் விட்டேன். உற்றுப் பார்த்தால்தான் தெரிகிற மாதிரி ஒன்றிரண்டு குமிழி வந்தது.

அந்த நிமிஷமே எனக்கு விஷயம் தெரிந்துவிட்டது. இதை மறைத்து என்ன ஆகப்போகிறது, தெரிந்துவிட்டது. கல்லூரியில் எங்கள் பேராசிரியர் இரண்டு கற்களை மேசை மேல் வைத்து இதைத்தான் செய்து காட்டினார். பொங்குவது சுண்ணாம்புக்கல். பொங்காமல் சோம்பிக் கிடப்பது டாலமைட். பார்வைக்கு இரண்டும் ஒன்றுதான். டாலமைட்டில் சுண்ணாம்போடு மக்னீசியமும் சரிக்குச் சரி கலந்திருக்கும். அதைப் பொடி செய்து அதன் மேல் திராவகம் விட்டால் மட்டும் கொஞ்சம் நுரைக்கும் என்றும் சொல்லியிருந்தார். கையில் புட்டியோடு நிற்கிறேன். பத்துப் பன்னிரண்டு பேர் பார்க்கிறார்கள். "என்ன தம்பி?" என்றார் மிட்டாதார்.

"மேல அழுக்கு இருக்குதுங்க" என்றேன். பேனாக்கத்தியை எடுத்துப் பாறையைச் சுரண்டினேன். வெள்ளைப் பொடி ஒரு சிட்டிகை சேர்ந்தது. அதன் மேல் ஒரு சொட்டுக்கு நாலு சொட்டாக விட்டேன். நுரைத்தது. கூட்டம் ‘அட’ என்றது. மிட்டாதார் என் முதுகில் தட்டினார்.

அந்த அம்மாள் மட்டும் குனிந்து ஒரு துண்டுக் கல்லை எடுத்துக் கையில் எடை பார்த்தார். "சாமி, இந்தக் கல்லை எங்க மாமனார் ஒருக்கா சுட்டுப் பாத்திருக்காருங்க. தண்ணி ஊத்துனா உடனே பூக்காதுங்க, தூங்கிக்கிட்டே கெடக்கும். கட்டடத்துக்கு ஆகாதுங்க. நாலு மைல் போனாலும் அந்தக் கல்லுதானுங்க நம்பிக்கை" என்றார்.

"உன் மாமனாருக்குச் சரியாச் சுடத் தெரியாம இருந்திருக்கும்" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். அவர் புருஷன் சிரிக்கவில்லை. கல்லைக் கீழே போட்டுவிட்டு அந்த அம்மாள் புருஷன் பக்கத்தில் போய் நின்றார்.

அந்த வெள்ளைக் கல்லையே சுட்டார்கள். புருஷன் வழக்கத்தைவிடக் கூடுதலாகக் கரி வைத்து, கூடுதலாக ஒரு நாள் தீயை விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டேன். தங்கள் சூட்டில் குறை என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற எண்ணம். சுட்ட சுண்ணாம்புக்கல் தண்ணீர் பட்டதும் கொதித்து, வெடித்து, மாவாகப் பூக்கும். இது பாதி பூத்தது, பாதி சும்மா கிடந்தது. அந்த அம்மாள் என்னிடம் ஒரு முறை தனியாகவே வந்து கேட்டார்: "தொட்டியில போட்டு ஒரு நாலஞ்சு மாசம் ஊற உட்டுடலாங்களா சாமி? அப்பறம் எடுத்துப் பூசுனா தொந்தரவு இருக்காதுங்க." நியாயமான கேள்வி. எந்தப் புத்தகத்தைத் திறந்தாலும் அதே பதில்தான் இருந்திருக்கும். ஆனால் தை மாதத்தில் திறப்பு விழா என்று நாள் குறித்தாகிவிட்டது. நாலைந்து மாதம் ஏன் என்று மிட்டாதார் கேட்டால் நான் காரணம் சொல்ல வேண்டும். "அதெல்லாம் வேண்டியதில்லை, பூசச் சொல்" என்றேன்.

பூச்சு பிரமாதமாக அமைந்தது. கொத்தனார் முட்டை வெள்ளைக்கருவும் கடுக்காய்த் தண்ணீரும் கலந்து தேய்த்திருந்தார். சுவரில் முகம் தெரிந்தது. விழாவில் மிட்டாதார் மேடையில் என் படிப்பைப் பற்றிப் பேசினார். அப்பா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார். அந்தத் தம்பதி பந்தலுக்கு வெளியே நின்றிருந்தார்கள். அவர்கள் பக்கம் நான் திரும்பவில்லை.

அடுத்த ஐப்பசி மழையில் ஆரம்பித்தது. முதலில் சுவரில் மிளகளவு கொப்புளம். பிறகு அது வெடித்து, குழி விழுந்து, குழியின் நடுவில் ஒரு வெள்ளைத் துளி. ஒரு சுவரில் பத்து, இருபது என்று எண்ண முடியாமல் போயிற்று. கார்த்திகையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், மேல்தளத்துப் பூச்சு பாய் அகலத்துக்கு உப்பி மொத்தமாக விழுந்தது. விடுமுறை நாள். இல்லாவிட்டால் அதன் கீழே இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள்.

என்ன நடந்தது என்று எனக்கு வரிவரியாகத் தெரியும். சுண்ணாம்புப் பகுதி உடனே நீரைக் குடித்துவிட்டது. மக்னீசியப் பகுதி குடிக்கவில்லை. சுவருக்குள் போய் உட்கார்ந்த பிறகு, மழை ஈரத்தை மெதுவாக இழுத்து ஊதிற்று. அந்தக் கல்லுக்கு இன்னொரு குணம் உண்டு: எவ்வளவுக்கெவ்வளவு அதிகமாகச் சுடுகிறோமோ அவ்வளவுக்கவ்வளவு மந்தமாகும். அந்த அம்மாளின் புருஷன் குறையே இல்லாமல் சுட்டார். அதனால்தான் அவ்வளவு மோசமாக விழுந்தது.

மிட்டாதார் தம் வீட்டு வாசலுக்கு எல்லோரையும் கூப்பிட்டுவிட்டார். கொத்தனார் கையில் விழுந்த பூச்சுத் துண்டு. "வேகாத கல்லுங்க. கரியை மிச்சம் புடிக்க அரைவேக்காடா எறக்கிப்போட்டாங்க" என்று கத்தினார். இன்னும் என்னென்னவோ சொன்னார். எழுத முடியாத வார்த்தைகள். புருஷன் இருமிக்கொண்டே, "என் காளவாயில வேகாத கல்லு எறங்குனதே இல்லீங்க" என்றார். அந்த அம்மாள் என்னைப் பார்த்துக் கை காட்டினார். "இந்தக் கல்லு ஆகாதுன்னு அன்னைக்கே சொன்னனுங்களே. ஊற உடலாமான்னும் கேட்டனுங்க. இவிங்களக் கேளுங்க."

மிட்டாதார் என் பக்கம் திரும்பினார். "சொன்னாளா தம்பி?"

காட்டில் அந்த அம்மாள் சொன்னதை மிட்டாதார் உட்படப் பத்துப் பேர் கேட்டிருந்தார்கள். ஒருவரும் வாய் திறக்கவில்லை. நான் என்ன சொல்லப்போகிறேன் என்று பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"எனக்கு ஞாபகம் இல்லீங்க" என்றேன்.

"கல்லு?"

"கல் நல்ல கல்தானுங்க. சூடு பத்தாம போயிருக்கும். வேகாத கல்."

அந்த அம்மாள் அழவில்லை, கத்தவில்லை. என்னை ஒரு தரம் முழுசாகப் பார்த்தார். பிறகு புருஷன் கையைப் பிடித்து, "வாங்க ஊட்டுக்குப் போலாம்" என்றார். மறுநாள் மிட்டாதாரின் ஆட்கள் காளவாயை இடித்தார்கள். இடிக்கிற சத்தம் எங்கள் வீட்டுக்குக் கேட்டது. நான் உள்ளே ஒரு புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டிருந்தேன். அந்த வாரமே அவர்கள் ஊரை விட்டுப் போனார்கள். எங்கே என்று நான் விசாரிக்கவில்லை.

யுத்தம் வந்தது. அதோடு எனக்கு நல்ல காலமும் வந்தது. வடக்கே உருக்காலைகளில் உலையின் உட்புறத்துக்குப் பூச டாலமைட் வேண்டும் என்று தேடினார்கள். கனிமம் வாங்கி அனுப்பும் ஒரு வியாபாரி எங்கள் ஜில்லாவில் ஆள் வைத்துத் தேடினார். நான் ஒரு காகிதத்தில் மிட்டாதாரின் மேட்டுக்காட்டைப் படம் போட்டு, கல் மாதிரியோடு அனுப்பிவைத்தேன். பரிசோதனையில் முதல் தரம் என்று வந்தது. அந்தக் காட்டைத் தோண்டினார்கள். கல், சங்கரிதுர்க்கம் என்று பெயர் போட்டிருந்த சங்ககிரி ஸ்டேஷனில் ரயிலேறிற்று. எனக்கு உத்தியோகம் கிடைத்தது, போக வர ஒரு கார் கிடைத்தது, அந்த வருஷமே கல்யாணமும் ஆயிற்று. எந்தக் கல்லைச் சுண்ணாம்புக்கல் என்று சாதித்தேனோ அதே கல்லை டாலமைட் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுத்தான் இவ்வளவும். யாரும் இரண்டையும் முடிச்சுப் போட்டுப் பார்க்கவில்லை. என் மனைவி ஒரு நாள், அந்தப் பள்ளிக்கூடச் சுவர் ஏன் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது என்று கேட்டாள். சுண்ணாம்பு சரியில்லை என்றேன்.

அடுத்த வருஷம் சேலத்துக்குக் கிழக்கே, ஆத்தூர் ரோட்டில், வேலையாகப் போய்க்கொண்டிருந்தேன். அயோத்தியாப்பட்டணம் தாண்டும்போது ரோட்டோரத்தில் ஒரு காளவாய் புகைந்தது. பக்கத்தில் நின்று கல் பொறுக்கிக்கொண்டிருந்த உருவத்தைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. காரை நிறுத்தாமல் போய்விட்டேன். ஒரு மைல் போனபின் டிரைவரைத் திருப்பச் சொன்னேன்.

அவரும் உடனே அடையாளம் கண்டுகொண்டார். "வாங்க சாமி" என்றார். வேறு யாரிடமும் சொல்கிற மாதிரிதான் சொன்னார். தலை நரைக்க ஆரம்பித்திருந்தது. புருஷன் எங்கே என்று கேட்டேன்.

"போன ஆடியில போயிட்டாருங்க. நெஞ்சு கெட்டுப்போச்சு. ‘என்னையப் போயி வேகாத கல்லு போட்டவன்னு சொல்லிப்போட்டாங்களே’ன்னு கடைசி மட்டும் அதையேதான் சொல்லிக்கிட்டுக் கெடந்தாருங்க."

நின்றபடியே, "அது வேகாத கல் இல்லீங்க" என்றேன். முதல் தடவையாக அவரிடம் ‘ங்க’ போட்டேன். "அது வேற கல். டாலமைட்னு பேர். அன்னைக்கே எனக்குத் தெரியும்."

அவர் கையிலிருந்த கல்லை வைத்துவிட்டு உட்கார்ந்தார். "அப்படி என்ன கல்லுங்க அது? ரெண்டும் ஒண்ணாத்தானே இருக்குது, ஒண்ணு பூக்குது, ஒண்ணு தூங்குது?"

நான் சொல்ல ஆரம்பித்தேன். எண்ணிப் பார்க்க முடியாத காலத்துக்கு முன்னால் இந்த இடம் கடல் என்றேன். "கடலா? சிப்பியெல்லாம் இருந்துச்சுங்களா?" என்றார், சிப்பியையும் சுடுகிறவர்கள் அல்லவா. சிப்பி உண்டாவதற்கும் முந்தி என்றேன். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் சுண்ணாம்பு சேறாகப் படிந்துகொண்டே வந்தது, அடுக்கடுக்காக. வெயில் காய்ந்து தண்ணீர் சுண்டச் சுண்ட மிச்சமிருந்த கடல்நீர் கனத்துப்போய், உப்பும் மக்னீசியமும் மிகுந்து, அடியில் இருந்த சேற்றுக்குள் இறங்கிற்று. அந்தச் சேற்றில் இருந்த சுண்ணாம்பில் பாதியைக் கரைத்து வெளியே அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் மக்னீசியம் உட்கார்ந்துகொண்டது. ஒவ்வொரு துகளாக, மிக மெதுவாக. தண்ணீர் இறங்கிய இடத்தில் டாலமைட், இறங்காத இடத்தில் வெறும் சுண்ணாம்புக்கல். பிறகு எல்லாமே பூமிக்கு அடியில் புதைந்து, நசுங்கி, சூடேறி, சர்க்கரை மணி மாதிரி உருமாறி, மேலே இருந்த மண்ணும் பாறையும் தேய்ந்த பிறகு நம் காட்டில் தலைகாட்டுகிறது என்றேன்.

"யாரும் பாக்கலியே, எப்படிங்க சொல்றீங்க?"

"பார்த்தவங்க இல்லீங்க. கல்லை வெச்சு ஊகிக்கிறதுதான். எங்க வாத்தியாரே, கடல்நீரையும் சுண்ணாம்பையும் ஜாடியில வெச்சுப் பல பேர் முயற்சி பண்ணியும் அந்தக் கல்லை உண்டாக்க முடியலேன்னு சொன்னாரு. முழுசா யாருக்கும் தெரியாது."

அரைமணி நேரம் பேசியிருப்பேன். அவர் கேட்டார், நான் சொன்னேன். பேசப் பேச எனக்கு மனசு இலேசாகிக்கொண்டே வந்தது. அதை இப்போது எழுதக் கூச்சமாக இருக்கிறது. புறப்படும்போது அவர், "எங்கிட்டச் சொல்றதுக்கு ஏனுங்க இவ்வளவு தூரம்? எனக்குத் தெரியாததா? அங்க போயிச் சொல்லுங்க சாமி. அவுங்க எல்லாரும் கேட்ட எடத்துல சொல்லுங்க" என்றார்.

போனேன். ஒரு மாதம் தள்ளிப்போட்டுத்தான் போனேன். மிட்டாதார் ஊஞ்சலில் உட்கார்ந்து கேட்டுவிட்டுச் சிரித்தார். "அட, அதைப் போயி இன்னும் நெனச்சுக்கிட்டு இருக்கியா? அந்தக் கல்லு இப்ப ரயில்ல போவுது. பள்ளிக்கூடத்துக்கு வேற பூச்சுப் பூசிக்கலாம் உடு." இடித்த காளவாயைப் பற்றி நான் பேச்செடுத்ததும் வெற்றிலையை மடிக்கத் தொடங்கிவிட்டார்.

கொத்தனாரிடமும் சொன்னேன், மாரியம்மன் கோயில் முன்னால், நாலு பேர் இருக்கும்போது. அவர் சிரிக்கவில்லை. "என் வாயில வந்ததை எல்லாம் பேசிப்போட்டனே அந்தப் புள்ளைய" என்றார். என்னைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வாரமே பஸ் பிடித்து அயோத்தியாப்பட்டணம் போய்விட்டு வந்தார் என்று தெரிந்தது. அவரைத் தேடிப் போய், அந்த அம்மாள் என்ன சொன்னார் என்று கேட்டேன்.

"கால்ல உழுந்துட்டேன். எந்திரிங்கண்ணான்னு சொல்லுச்சு. அழுவுச்சு. கூழு ஊத்திக் குடுத்துச்சு." பிறகு, "நீங்க வந்ததையும் சொல்லுச்சு. கல்லைப் பத்தி நெறையச் சொன்னீங்களாம்" என்றார்.

வீட்டுக்கு வந்து அன்று முழுவதும் அந்த அரைமணி நேரத்தை ஞாபகப்படுத்திப் பார்த்தேன். கடல் சொன்னேன், சேறு சொன்னேன், மக்னீசியம் சொன்னேன். தப்புப் பண்ணிவிட்டேன், மன்னித்துவிடுங்கள் என்று எங்கேயாவது சொன்னேனா என்று தேடினேன். இல்லை. அவர் புருஷன் செத்த செய்தியைக் கேட்டுவிட்டு நான் பாடம் நடத்திவிட்டு வந்திருக்கிறேன்.

மறுபடியும் போக நாலு மாதம் ஆயிற்று. இந்த முறை காரைத் தள்ளியே நிறுத்திவிட்டு நடந்தேன். காளவாயில் கல் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் வரிசையாகக் கூடை கைமாற்றினார்கள். அவர் மேலே நின்று வாங்கிக் கொட்டிக்கொண்டிருந்தார். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிச் சொன்னேன்: நான் பொய் சொன்னேன், உங்கள் வீட்டுக்காரர் மேல் பழி போட்டேன், நீங்கள் முதலிலேயே எச்சரித்தது எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, என்னை மன்னிக்க வேண்டும். கூடை நின்றது. பெண்கள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தார்கள்.

"கேட்டுக்கிட்டனுங்க" என்றார் அவர். வேறு ஏதாவது சொல்வார் என்று நின்றேன்.

"கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளி நில்லுங்க சாமி. கூடை வருது."

தள்ளி நின்றேன். வேலை மறுபடி ஆரம்பமாயிற்று. கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, யாரும் திரும்பிப் பார்க்காததால், ரோட்டை நோக்கி நடந்தேன்.